யாவர்க்கும் ஒரு கொத்து அரிசி

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் மீளும் குடும்பத் தலைவர், பையை இறக்கி வைத்ததும் முதலில் எடுக்கும் பேச்சு விலைவாசியைப் பற்றியதாகவே இருக்கும். கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குச் சென்று திரும்பும் தாய்மார் இருவர் தெருமுனையில் ஒரு கணம் நின்று பேசினாலும், அங்கும் அதே பேச்சுத்தான். அரிசி என்ன விலை, தேங்காய் என்ன விலை என்பதை அறியாத வீடு இத்தலைநகரில் இல்லை.

ஆனால் அந்தப் பேச்சு எல்லா வீடுகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. மாதம் முடியச் சம்பளம் வரும் வீட்டிலே விலையேற்றம் ஒரு மனக்குறை. வேலை போய்ச் சம்பளம் நின்ற வீட்டிலோ, அது அடுப்பைப் பற்றிய கேள்வி. அத்தகைய வீட்டுக்கு அரசாங்கம் என்ன செய்கிறது? செய்து வந்த உதவியைக் குறைக்க நேர்ந்தால், அதை எவ்வாறு குறைக்கிறது? குறைக்கும்போது யார் குரல் எழுப்புகிறார்? இக்கேள்விகளை வாசகர்களுடன் சேர்ந்து இன்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

வேலை இழந்தவனுக்கு என்ன உண்டு?

பிரித்தானியாவில் 1911ஆம் ஆண்டிலேயே வேலையின்மைக் காப்புறுதி சட்டமாயிற்று. தொழிலாளி, முதலாளி, அரசாங்கம் ஆகிய மூவரும் வாரந்தோறும் செலுத்தும் பணத்திலிருந்து, வேலை போனவனுக்குச் சில வாரங்கள் உதவிப்பணம் கிடைத்தது. இலங்கையிலோ இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் அத்தகைய சட்டம் ஒன்று இயற்றப்படவில்லை. 1958ஆம் ஆண்டில் ஊழியர் சேமலாப நிதி வந்தது. அது முதுமைக்கு உரிய பணம். ஆண்கள் ஐம்பத்தைந்து வயதிலும் பெண்கள் ஐம்பது வயதிலும் பெறத்தக்கது. 1983ஆம் ஆண்டில் பணிக்கொடைச் சட்டம் வந்தது. அதுவும் ஐந்தாண்டு சேவை முடித்தவனுக்கே உதவும். நாட்கூலிக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும், கடையொன்றில் இரண்டாண்டு கணக்கெழுதியவனும் வேலை இழந்த மறுநாள் வெறுங்கையோடுதான் நிற்க வேண்டும்.

அப்படியானால் அவனுடைய வீடு எதனால் பிழைத்தது? கூப்பன் புத்தகத்தினால் என்பதே விடை.

இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பஞ்சம் வராமல் தடுக்க அரசாங்கம் அரிசியைப் பங்கிட்டு வழங்கத் தொடங்கியது. போர் முடிந்தது, ஆயினும் பங்கீடு முடியவில்லை. சந்தை விலையிலும் குறைந்த விலைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று, கூப்பன் வைத்திருந்த எவருக்கும் அரிசி கிடைத்தது. கறுவாத்தோட்டத்துப் பெரிய வீட்டுக்கும் கூப்பன் உண்டு. கொச்சிக்கடைச் சந்திலே ஓரறையில் வாழ்ந்த குடும்பத்துக்கும் உண்டு. வேலையுள்ளவனுக்கும் வேலையற்றவனுக்கும் இடையே கூப்பன் வேறுபாடு பார்க்கவில்லை. வேலையின்மைக் கொடுப்பனவு என்ற பெயர் இல்லாமலேயே, வேலையற்றோர்க்கு அது உதவியாயிற்று.

1953: இருபத்தைந்து சதம் எழுபது சதமான கதை

1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி, ஒரு கொத்து அரிசி இருபத்தைந்து சதத்துக்கே தொடர்ந்து கிடைக்கும் என்று வாக்களித்தது. ஏற்கெனவே பிரதமராக இருந்த டட்லி சேனநாயக்க பெரும் வெற்றி பெற்று அப்பதவியில் நீடித்தார். ஆனால் கொரியப் போர் தந்த இறப்பர் விலையேற்றம் அடங்கிவிட்டது. வெளிநாட்டு அரிசியின் விலையோ உயர்ந்தது. திறைசேரி வெறுமையாகிக்கொண்டிருந்தது. மானியத்தைக் குறைக்கும்படி உலக வங்கியின் தூதுக்குழுவும் ஆலோசனை கூறியிருந்தது.

1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன, கொத்து அரிசியின் விலையை இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின.

மாணவர்கள் இதனை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஐவர் உள்ள குடும்பம் ஐந்து கொத்து அரிசி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னர் ஒரு ரூபா இருபத்தைந்து சதம் போதும். பின்னர் மூன்று ரூபா ஐம்பது சதம் வேண்டும். வித்தியாசம் இரண்டு ரூபா இருபத்தைந்து சதம். அக்காலத்துக் கூலியாள் ஒருவனுக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் உழைப்பு. வேலையற்றவனுக்கோ ஒரு நாள் உழைப்பென்று கணக்கிடவும் வழியில்லை.

ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடைபெற்றது. லங்கா சமசமாஜக் கட்சி முதலிய இடதுசாரிக் கட்சிகள் அழைப்பு விடுத்தன. தமிழரசுக் கட்சியும் ஆதரவு தந்தது. கடைகள் அடைக்கப்பட்டன. தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை. தென்மேற்குக் கரையோரத்தில் மக்கள் ரயில்பாதையைப் பெயர்த்தனர், தந்திக் கம்பிகளை அறுத்தனர். அவசரகால நிலையும் ஊரடங்குச் சட்டமும் பிறந்தன. பொலிஸார் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். மந்திரிசபை கரையிலே கூடுவதற்கு அஞ்சி, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. கொட்டாஞ்சேனைக்கு எதிரே, கப்பல்களில் வந்திறங்கிய அரிசி மூட்டைகளைத் தொழிலாளர் சுமந்த அதே துறைமுகம்! அரிசி விலையை உயர்த்திய அமைச்சர்கள், அரிசி வந்திறங்கும் இடத்திலே அடைக்கலம் புகுந்த காட்சியை வரலாறு வேடிக்கைக்காக வைத்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

மனம் நொந்தும் உடல் நலிந்தும் இருந்த டட்லி சேனநாயக்க அக்டோபரில் பதவி துறந்தார். சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானார். அரிசி விலையும் எழுபது சதத்திலிருந்து கீழிறங்கியது.

ஹர்த்தாலின் வலிமை எங்கிருந்து வந்தது என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வேலையற்றோர் மாத்திரம் கிளர்ந்தெழுந்திருந்தால் ஒரு நாட் பொழுதுக்குள் அது அடங்கியிருக்கும். ஆனால் எழுதுவினைஞர் வீட்டிலும் கூப்பன் இருந்தது. ஆசிரியர் வீட்டிலும், கடைக்காரர் வீட்டிலும், ரயில்வே ஊழியர் வீட்டிலும் இருந்தது. ஆதலால் அவர்கள் தமக்காக எழுந்தபோது, வேலையற்றவனுக்காகவும் எழுந்தவர்களானார்கள். அவனுக்கு என்று தனியே ஒருவரும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பிரித்தானியா தந்த பாடம்

இத்தகைய நெருக்கடி நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. 1931ஆம் ஆண்டு ஆகஸ்டில், உலகப் பெருமந்தத்தின் நடுவே, பிரித்தானியாவின் தொழிற்கட்சி அரசாங்கம் இதே கேள்வியில் உடைந்தது. வேலையற்றோர் உதவிப்பணத்தை நூற்றுக்குப் பத்து வீதம் குறைப்பதா இல்லையா என்பதில் மந்திரிசபை இரண்டாகப் பிரிந்தது. பிரதமர் ராம்சே மக்டொனால்ட் தம் கட்சியை விட்டுப் பிரிந்து தேசிய அரசாங்கம் அமைத்தார். ஓர் ஆணுக்குக் கிடைத்த வாரப்பணம் பதினேழு ஷில்லிங்கிலிருந்து பதினைந்து ஷில்லிங் மூன்று பென்ஸ் ஆயிற்று.

குறைப்பினும் கொடிதாக இருந்தது அதனோடு வந்த வசதிச் சோதனை. காப்புறுதிக் காலம் முடிந்தவன் மேலும் உதவி கேட்டால், அதிகாரி வீடு தேடி வருவார். மகன் எவ்வளவு உழைக்கிறான், மகள் எவ்வளவு கொண்டுவருகிறாள், விற்கத்தக்க தளபாடம் உண்டா என்று கேட்பார். அந்த விசாரணையின் கூச்சம் உழைக்கும் குடும்பங்களில் ஒரு தலைமுறைக்கும் மேலாக நினைவில் நின்றது. பணத்தைக் குறைத்தல் வயிற்றைத் தொடும். உரிமையை இரப்பாக மாற்றுதல் மானத்தைத் தொடும். இரண்டாவதை மறப்பது அரிது.

அரை வெற்றிகளும் அரைத் தோல்விகளும்

1953க்குப் பின் இலங்கையின் அரசியல்வாதிகள் கூப்பன் புத்தகத்தைத் தொடுவதற்கு அஞ்சினர். 1962இல் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பங்கீட்டைக் குறைக்க முற்பட்டார். சொந்தக் கட்சியினரே எதிர்த்தமையால் நிதியமைச்சர் பதவியைத் துறந்தார். 1966 டிசம்பரில், மீண்டும் பிரதமராக இருந்த டட்லி சேனநாயக்க இரண்டு கொத்தை ஒரு கொத்தாகக் குறைத்து, அந்த ஒன்றை விலையின்றிக் கொடுத்தார். 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவதாக வாக்களித்துப் பெருவெற்றி பெற்றார். ஆயினும் உலகச் சந்தையில் உணவு விலை ஏறியபோது, 1973இல் அவருடைய அரசாங்கமும் பங்கீட்டைச் சுருக்க வேண்டியதாயிற்று.

நிதியமைச்சர்களைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது, ஆனால் நியாயமன்று. இறக்குமதி அரிசிக்கு வெளிநாட்டு நாணயம் வேண்டும். அந்த நாணயத்தைத் தேயிலையும் இறப்பரும் தேங்காயும் ஈட்டித் தர வேண்டும். மாடி வீட்டுக்காரனுக்கும் மலிவு அரிசி எதற்கு என்ற கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை. ஏழைக்கு மாத்திரம் கொடுத்தால் அவனுக்குக் கூடக் கொடுக்கலாமே என்று யார்தான் கேட்கமாட்டார்? கேட்பதற்கு இனிய அவ்வாதம் நடைமுறையில் என்ன ஆயிற்று என்பதே நாம் பார்க்க வேண்டியது.

1979: ஓசையின்றி நடந்தது

1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன ஆட்சிக்கு வந்தார். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹர்த்தாலைச் சந்தித்த அவர், இம்முறை வேறு வழியில் சென்றார். 1978இல் பங்கீட்டு அரிசி, மாதம் முந்நூறு ரூபாவுக்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பங்களுக்கு மாத்திரம் என்று வரையறுக்கப்பட்டது. நாட்டு மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பட்டியலிலிருந்து வெளியேறினர். 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரைகள் வந்தன. ஹர்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. கப்பலில் மந்திரிசபை கூட வேண்டியும் இருக்கவில்லை.

அதற்குக் காரணங்கள் பல. அரசாங்கத்துக்குப் பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்குப் பலம் இருந்தது. பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, மகாவலித் திட்டத்திலும் கட்டுநாயக்காவிலும் புதிய வேலைகள் பிறந்தன. வேலையற்றோர் தொகையும் குறைந்தது. எனினும், பட்டியலிலிருந்து வெளியேறிய பாதிப்பேருக்கு இனிமேல் அது தம் பிரச்சினையன்று என்பதும் ஒரு காரணமாயிற்று. எழுதுவினைஞரும் ஆசிரியரும் கடைக்காரரும் தம் வழியே போய்விட்டனர். ஏழை மாத்திரம் தன் முத்திரையோடு தனித்து நின்றான்.

அரிசி கொத்தால் அளக்கப்பட்டது. முத்திரையோ ரூபாவால் அளக்கப்பட்டது. கொத்துச் சுருங்காது, ரூபா சுருங்கும். விலைகள் விரைந்தேற, முத்திரையில் அச்சிட்ட தொகை நின்ற இடத்தில் நின்றது. மூன்றாண்டுகளுக்குள் அதனால் வாங்கத்தக்க உணவு ஏறக்குறையப் பாதியாயிற்று. பாராளுமன்றத்தில் ஒருவரும் குறைப்பு மசோதா கொண்டுவரவில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் ஒருவரும் குறைப்பு என்று சொல்லவுமில்லை. சந்தையே அதனைக் குறைத்துவிட்டது. மிக வறிய குடும்பங்களின் உணவின் அளவு அவ்வாண்டுகளில் தாழ்ந்ததை மத்திய வங்கியின் ஆய்வுகளே காட்டின. 1953இல் ஒரே நாளில் வெளிப்படையாகச் செய்ய முடியாதது, பின்னர் மூன்றாண்டுகளில் ஓசையின்றி நிறைவேறியது.

பட்டியலுக்கு வேறொரு குறையும் இருந்தது. தோட்டத் தொழிலாளிபோல் சம்பளம் ஏட்டில் எழுதப்பட்டவன் தன் வருமானத்தை மறைக்க வழியில்லை. ஏடில்லாத வருமானம் உள்ளவனோ குறைத்துச் சொல்லிவிடலாம். அதற்கும் மேலாக, 1980ஆம் ஆண்டிலேயே புதியவர்களைப் பட்டியலில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், விலைவாசிக்கேற்ற ஊதிய உயர்வு கேட்டு அரசாங்க ஊழியர் பொது வேலைநிறுத்தம் செய்தனர். அரசாங்கம் ஏறக்குறைய 40,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. கொழும்பிலே பல வீடுகளில் ஒரே வாரத்தில் சம்பளம் நின்றது. நேற்று வரை சம்பளம் பெற்றவன் இன்று ஏழையானால், நேற்றைய பட்டியலில் அவன் பெயர் எப்படி இருக்கும்? ஏழைகளின் பட்டியல் என்பது ஒருநாள் எடுத்த புகைப்படம். வேலையிழப்போ நாள்தோறும் நிகழ்வது.

பாக்கு நீரிணைக்கு அப்பால்

நமக்கு அண்மையிலுள்ள தமிழ்நாட்டையும் நோக்குவோம். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணாதுரையின் கட்சி ஒரு ரூபாவுக்கு ஒரு படி அரிசி தருவதாக வாக்களித்து ஆட்சி பெற்றது. சென்னையிலும் கோவையிலும் அது தொடங்கப்பட்டது. அன்றிருந்து அங்கும் அரிசி அரசியலின் நடுவே அமர்ந்தது. 1997இல் இந்திய மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர், மேலுள்ளோர் என்று குடும்பங்களைப் பிரிக்கச் சொன்னபோது, தமிழ்நாடு அப்பிரிவினையைத் தன் நியாயவிலைக் கடைகளில் கொள்ளவில்லை. அரிசி அட்டை உள்ள அனைவர்க்கும் அரிசி என்ற முறையைக் காத்தது. 2011 ஜூன் முதல் விலையின்றியே வழங்கியது. வசதியுள்ளோர் பலர் கடைக்கு வருவதேயில்லை, விரும்பினால் வரலாம் என்ற உரிமை மாத்திரம் அவர்களிடம் உண்டு. அந்த உரிமை இருப்பதனால் கடை திறக்காவிட்டாலும், அரிசி கெட்டிருந்தாலும் கேள்வி கேட்கப் பலர் இருக்கின்றனர். செலவு மிகுதிதான். ஆனால் வேலை போனவன், போன மறுநாளும் தன் அட்டையோடு அதே வரிசையில் நிற்கலாம். புதிதாக எவர்க்கும் தன் வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை.

முத்திரையிலிருந்து அஸ்வெசும வரை

இலங்கையில் உணவு முத்திரைக்குப் பின் 1989இல் ஜனாதிபதி பிரேமதாசவின் ஜனசவிய வந்தது. தெரிவான குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா இரண்டாண்டுகளுக்குக் கணக்கிடப்பட்டு, அதில் ஒரு பகுதி தொழில் முதலாகச் சேர்க்கப்பட்டது. 1995இல் சமுர்த்தி வந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் பெயரும் மாறிற்று, பட்டியலும் மாறிற்று. பட்டியலில் பெயர் எழுதுகிறவர் யார், எக்கட்சிக்காரர் என்ற பேச்சும் உடன் வளர்ந்தது.

2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் தத்தளித்தது. எரிபொருள் வரிசையும் எரிவாயு வரிசையும் காலி வீதியை நிறைத்ததை நம்மில் யாரும் மறந்திருக்கமாட்டோம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும தொடங்கியது. 2002ஆம் ஆண்டு நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், வீட்டின் நிலை, மின்சாரப் பாவனை, சொத்து, கல்வி முதலியவற்றைப் புள்ளியிட்டுக் குடும்பங்களைத் தரம்பிரித்தனர். மிக வறிய குடும்பத்துக்கு அப்போது மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபா என விதித்தனர். முன்னைய தொகைகளிலும் இது பெரிது. கட்சிக்காரர் கையிலிருந்து பட்டியலை விடுவிக்கும் நோக்கமும் நல்லதே. ஆயினும் முதற் பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான முறையீடுகள் குவிந்தன. பிரதேச செயலகங்களின் வாயிலில் மக்கள் திரண்டனர்.

வெள்ளவத்தையில் வாடகைவீட்டில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். சுவரும் கூரையும் நன்றாக இருக்கின்றன. மின்விசிறி சுழல்கிறது. நல்ல காலத்தில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியும் மூலையில் நிற்கிறது. ஆனால் தந்தையின் வேலை சென்ற மாதம் போய்விட்டது. புள்ளியிடும் படிவத்துக்குப் பெட்டி தெரியும். பெட்டிக்குள் ஒன்றுமில்லை என்பது தெரியாது. பிரித்தானியாவில் 1931இல் தளபாடத்தை எண்ணிய அதிகாரியின் நிழல், நம் படிவத்திலும் சற்றே விழுந்திருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

திறைசேரியில் பணமில்லாதபோது எதையும் குறைக்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. வீட்டை நடத்தும் இல்லத்தரசி எவரும் அப்படிச் சொல்லார். ஆனால் உதவியொன்று குறைக்கப்படும்போதும், அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்படும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்க நாம் பழக வேண்டும்.

கொடுக்கும் தொகை விலைவாசியோடு ஏறுமா, அல்லது உணவு முத்திரைபோல் நின்ற இடத்திலேயே கரையுமா? கதவு நாளை வேலையிழப்பவனுக்கும் திறந்திருக்குமா, அல்லது பட்டியல் எழுதிய நாளோடு மூடிவிடுமா? அது நிறுத்தப்பட்டால், பெறுகிறவனைத் தவிர வேறு யாரேனும் பேசுவார்களா?

இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது என்பது நம் எண்ணம். 1953இல் அரிசிக்காக நாடு எழுந்தது, ஏனெனில் அது நாட்டின் அரிசி. 1979க்குப் பின் முத்திரை தேய்ந்தபோது நாடு அமைதியாயிருந்தது, ஏனெனில் அது ஏழையின் முத்திரை. யாவர்க்கும் உரியதை யாவரும் காப்பர். ஏழைக்கு மாத்திரம் உரியதை ஏழை மாத்திரமே காக்க வேண்டியிருக்கிறது. அவனுக்கோ அன்றைய சோற்றைத் தேடுவதிலேயே பொழுது போய்விடுகிறது.

யாவர்க்கும் அரிசி கொடுக்கும் காலம் மீண்டும் வருமோ வராதோ, யாவருக்காகவும் பேசும் பழக்கம் போகவேண்டியதில்லை. அடுத்த முறை வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாளில், பொதுவாக நாம் தேடுவது நம் வரி ஏறிற்றா, நம் பெட்ரோல் ஏறிற்றா என்பதே. நம் பிள்ளைகள் அன்று இன்னும் ஒரு வரியைத் தேடிப் படிக்கட்டும்: வேலையும் சம்பளமும் இல்லாத வீட்டுக்கு இவ்வாண்டு என்ன எழுதியிருக்கிறது? அந்த வீடு நமக்கு நெடுந்தூரத்தில் இல்லை. சில வேளைகளில் அது நம் மாடிப்படியின் கீழ்வீடு. ஒரு கடிதம் தபாலில் வந்தால், அது நம் வீடாகவும் ஆகலாம்.